காயத்துக்கும் ஊசிக்கும் எவ்வளவு தூரம்?

1886-ஆம் ஆண்டு மார்ச் மாதம். ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியிலிருந்து 19 பேர் பாரிஸ் நகரில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் வெறிபிடித்த ஓநாயிடம் கடிபட்டவர்கள். சிலருக்கு முகம் கிழிந்திருந்தது. சிலரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வந்த அந்த விவசாயிகளுக்குப் பிரெஞ்சில் தெரிந்திருந்தது ஒரே ஒரு சொல்தான் என்பார்கள்: 'பாஸ்டர்'. வெறிநாய்க்கடி நோயான ரேபீஸுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்திருந்த லூயி பாஸ்டர் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். கடிபட்டு இரண்டு வாரம் ஓடிவிட்டதே என்ற பதைப்பில், வழக்கத்தை மீறிக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஊசி போட்டார். மூன்று பேர் இறந்தார்கள். 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

ரேபீஸ் தடுப்பூசி பிறந்த காலத்தில் உலகம் முழுவதற்கும் அது கிடைத்த இடம் பாரிஸ் ஒன்றுதான். 1885 ஜூலையில் அல்சேஸ் பகுதியிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் அங்கே அழைத்துவந்தாள். முதல் ஊசி அவனுக்குத்தான். அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவின் நியூவர்க் நகரிலிருந்து நான்கு சிறுவர்கள் கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்து வந்தார்கள். இந்தியாவில் நாய் கடித்த பிரிட்டிஷ் ராணுவத்தினரையும் பாரிசுக்குத்தான் அனுப்பிவைத்தார்கள். 1900-இல் இமாசலத்தின் கசௌலியில் பாஸ்டர் நிலையம் திறந்த பிறகுதான் அந்தக் கடல் பயணம் நின்றது. ஆனால் தென்னிந்தியாவுக்குக் கசௌலியும் எட்டாத தூரம். 1902-இல் இங்கே ஒரு இளம் ஆங்கிலப் பெண், பக்கத்தில் சிகிச்சை இல்லாத காரணத்தால் வெறிநாய்க்கடிக்குப் பலியானார். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) இதே கதைதான். 1911-இல் டம்ரோங் இளவரசரின் மகள் ரேபீஸில் இறந்தாள். 1913-இல் பாங்காக்கில் ஒரு நிலையம் வந்தது. இன்று சவோபா ராணி நினைவு நிறுவனம் என்ற பெயரில், பாம்புப் பண்ணையோடு சேர்த்து, சுற்றுலாப் பயணிகளும் பார்க்கப் போகும் இடம் அது.

காயத்துக்கும் மருந்துக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்கத்தான் இத்தனையும் கட்டினார்கள். இன்றைய வெளிநாட்டுப் பயணி செய்வது அதற்கு நேர் எதிரானது. ஊசி பக்கத்துத் தெருவில் கிடைக்கும் ஊரை விட்டுக் கிளம்பி, எங்கே கிடைக்கும் என்றே தெரியாத ஊருக்குப் போகிறார். பாஸ்போர்ட், விசா, சிம் கார்டு, பவர் பேங்க் எல்லாவற்றையும் யோசிப்பவர் இதை மட்டும் யோசிப்பதில்லை.

2019 பிப்ரவரியில் நார்வேயைச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருவர் தோழிகளோடு பிலிப்பைன்ஸ் போயிருந்தார். சாலையோரத்தில் ஒரு நாய்க்குட்டி ஆதரவில்லாமல் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல் தூக்கிக்கொண்டு தங்குமிடத்துக்கு வந்து, குளிப்பாட்டி, விளையாடினார்கள். குட்டி விளையாட்டாகக் கடித்தது, நகத்தால் கீறியது. பெரிய காயம் ஒன்றுமில்லை. யாரும் டாக்டரிடம் போகவில்லை. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து அவருக்கு உடம்பு முடியாமல் போனது. அவரே மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அந்த மருத்துவமனையிலேயே அனுமதிக்கப்பட்டார். முதலில் என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. நார்வேயின் நிலப்பகுதியில் 200 ஆண்டுகளுக்கும் மேலாக ரேபீஸால் ஒருவரும் இறந்ததில்லை. அங்கே பெரும்பாலான டாக்டர்கள் அந்த நோயைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மே 6 அன்று அவர் இறந்தார்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த 59 வயதுப் பெண்ணுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. 2025 பிப்ரவரியில் மொராக்கோவில் ஒரு தெருநாய்க் குட்டி லேசாகப் பிராண்டியது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. ஜூன் மாதத்தில் தலைவலி தொடங்கியது. பிறகு நடை போனது, பேச்சு போனது, தூக்கம் போனது, விழுங்கும் சக்தியும் போனது. தலைவலி வந்து இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதே மொராக்கோவில் 2018-இல் ஒரு பூனை கடித்து இன்னொரு பிரிட்டன்வாசி இறந்திருக்கிறார். ஜப்பானில் 1957-க்குப் பிறகு உள்நாட்டில் யாருக்கும் ரேபீஸ் வந்ததில்லை. ஆனால் 2006-இல் இரண்டு பேரும், 2020-இல் ஒருவரும் அங்கே இறந்தார்கள். மூவருக்கும் நோய் ஒட்டியது பிலிப்பைன்ஸில்.

இந்த மரணங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வாயில் நுரை தள்ளி, கண் சிவந்து துரத்திவரும் நாயைக் கண்டால் யாரும் ஓடுவார்கள். கடிபட்டால் அலறியடித்து ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். பயணிகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த நாய் இல்லை. கையில் ஏந்திக் கொஞ்சிய குட்டி. ரத்தம்கூட சரியாக வராத கீறல். 'இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா, டூர் கெட்டுப்போகுமே' என்ற எண்ணம்.

சிறிய கீறல் எப்படிக் கொல்லும்? ரேபீஸ் கிருமி ரத்தத்தில் கலந்து பரவுவதில்லை. கடித்த விலங்கின் எச்சில் வழியாகத் தசைக்குள் நுழைந்து, அங்குள்ள நரம்பு முனையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நரம்பின் வழியே நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர்வரை மூளையை நோக்கி ஏறுகிறது. நரம்புக்குள் போய்விட்ட கிருமியை உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காண்பதில்லை. அதனால் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. காயம் ஆறி, தழும்பும் மறைந்திருக்கும். பொதுவாக இரண்டு மூன்று மாதம் இப்படி ஓசையில்லாமல் கழியும். ஒரு வாரத்திலும் நோய் வெளிப்படலாம், ஒரு வருடமும் ஆகலாம். முகத்திலோ கழுத்திலோ கடிபட்டால் மூளைக்குப் போகும் வழி குறுகியது. குழந்தைகளின் உயரத்துக்கு நாயின் வாய் எட்டுவதும் அங்கேதான். உலகில் ரேபீஸால் இறப்பவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மூளையை எட்டிவிட்டால் மருந்து கிடையாது. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். முகத்தில் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போடும். சிலருக்கு இந்த ஆட்டம் எதுவும் இல்லாமல் கைகால் மெல்ல மெல்லச் செயலிழக்கும். அப்போது ரேபீஸ் என்று சந்தேகம்கூட வராது. 2004-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வௌவால் கடித்த 15 வயதுப் பெண்ணை, தடுப்பூசி எதுவும் போடாத நிலையில், செயற்கை மயக்கத்தில் வைத்து டாக்டர்கள் காப்பாற்றினார்கள். உலகமே வியந்தது. அதே முறையைப் பின்னர் பல நாடுகளில் முயன்று பார்த்தார்கள், பெரும்பாலும் கைகொடுக்கவில்லை.

ஆனால் கிருமி நரம்பில் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த நாட்கள் மனிதனுக்குக் கிடைத்த அவகாசம். கடிபட்ட பிறகு போட்டுக்கொண்டும் உயிர் பிழைக்கலாம் என்ற சலுகையை வேறு எந்தத் தடுப்பூசியும் இந்த அளவுக்குத் தருவதில்லை. முறையாகப் போட்டவர்களில் அது தோற்பது மிக மிக அபூர்வம். நாள் தள்ளிப்போயிருந்தாலும் பரவாயில்லை. அறிகுறி தோன்றாதவரை போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும். மொராக்கோவில் பிராண்டப்பட்டு ஊர் திரும்பியவர், ஏப்ரலில் நினைவு வந்து டாக்டரிடம் சொல்லியிருந்தாலும் ஊசி போட்டிருப்பார்கள்.

அந்தச் சிகிச்சையில் இரண்டு பாகம் உண்டு. பலருக்கு ஒன்றுதான் தெரியும். ஒன்று தடுப்பூசி, கையின் மேல்பகுதியில் குறித்த நாட்களில் போடுவது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் தமிழ்நாட்டுப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா கைவிட்டு இருபது வருடம் ஆகிறது. பத்தியமும் தேவையில்லை. தடுப்பூசி உடலைத் தூண்டி எதிர்ப்புப் பொருளை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் இரண்டாவது பாகமான இம்யூனோகுளோபுலின். டாக்டர்கள் பேச்சில் ஆர்.ஐ.ஜி.; சுருக்கமாகச் சீரம் என்றும் சொல்வார்கள். மனித ரத்தத்திலிருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்தோ பிரித்தெடுத்த, தயார் நிலையிலுள்ள எதிர்ப்புப் பொருள் அது. அதைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் நேரடியாகச் செலுத்துவார்கள். தோல் கிழிந்த எந்தக் கடிக்கும், ரத்தம் வந்த எந்தக் கீறலுக்கும் இரண்டும் வேண்டும்.

வெளிநாட்டில் கடிபட்டவர் மாட்டிக்கொள்வது இந்தச் சீரத்தில்தான். தடுப்பூசி ஓரளவு எங்கும் கிடைக்கும். சீரம் அப்படியில்லை. விலை அதிகம், உற்பத்தி குறைவு, குளிர்சாதனத்தில் பாதுகாக்க வேண்டும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் தலைநகரை விட்டு வெளியே போனால் கிடைப்பதே அரிது. ஒரு தீவில் கடிபட்டவர் படகு பிடித்து, அடுத்த ஊருக்குப் போய், அங்கும் இல்லாமல் விமானமேறி வேறு நாட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வது பயண மருத்துவர்களுக்குப் பழகிப்போன விஷயம். பாரிசை நோக்கிய அந்தப் பழைய ஓட்டம் இன்னும் முடியவில்லை என்று இதைக் கேட்கும்போது தோன்றுகிறது.

இதிலிருந்து தப்ப எளிய வழி ஒன்று இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொள்வது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வகுத்த முறைப்படி முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று என இரண்டு முறை போனால் போதும். மூன்றாவது தவணையாக 21 அல்லது 28-ஆம் நாளும் போடும் வழக்கம் இந்தியாவிலும் பிரிட்டனிலும் தொடர்கிறது. ஆகவே ஒரு மாதம் கையில் இருக்கும்போதே டாக்டரைப் பார்ப்பது நல்லது. இப்படிப் போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால் சீரமே தேவையில்லை. கடித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, அவ்வளவுதான். முன்பே போட்டாகிவிட்டதே, இனி எதுவும் வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடக் கூடாது. அந்த இரண்டு ஊசியும் கட்டாயம். இந்தியாவில் ஒரு தடுப்பூசியின் விலை சில நூறு ரூபாய். ஒரு நாள் ஹோட்டல் வாடகையைவிடக் குறைவு.

எல்லாப் பயணிக்கும் இது தேவையா? தேவையில்லை. ஐந்து நாள் சிங்கப்பூர் போய்வருபவருக்கு வேண்டாம்; அங்கே 1953-க்குப் பிறகு ரேபீஸ் இல்லை. ஆனால் நேபாள மலைகளில் நடப்பவர், இந்தோனேசியத் தீவுகளில் பைக்கில் சுற்றுபவர், ஆப்பிரிக்க நாட்டில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர், சிறு குழந்தைகளை அழைத்துச் செல்பவர் ஆகியோர் அவசியம் யோசிக்க வேண்டும். பயணிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நோயுள்ள நாடுகளில் ஒரு மாதம் தங்கும் ஆயிரம் பேரில் சுமார் நான்கு பேரை ஏதாவது ஒரு விலங்கு கடிக்கிறது அல்லது கீறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்பதற்குச் சிறிய எண். பயணிகளின் எண்ணிக்கை கோடிகளில் இருக்கும்போது அது சிறியதல்ல.

எந்த நாட்டில் பயம், எந்த நாட்டில் இல்லை என்ற பட்டியலும் நிலையாக இருப்பதில்லை. பாலித் தீவில் 2008 வரை ரேபீஸே கிடையாது. அந்த ஆண்டின் இறுதியில் தெற்கு முனையான புகித் தீபகற்பத்தில் தலைகாட்டியது; சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். வேறு தீவிலிருந்து படகில் வந்த ஒரு நாயோடு நோய் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1961-இலிருந்து நோயில்லாத இடமாக இருந்த தைவானில் 2013-இல் காட்டு விலங்குகளிடம் அது கண்டுபிடிக்கப்பட்டது. மலேசியா 2012-இல் தன்னை ரேபீஸ் இல்லாத நாடு என்று அறிவித்தது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் திரும்ப வந்தது. 2017-இல் சரவாக்கில் புகுந்து அங்கே உயிர்களைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கிழக்குத் திமோரில் முதல் மனித மரணம் பதிவானது 2024 மார்ச்சில். போன தடவை போனபோது ஒன்றுமில்லையே என்ற அனுபவம் இங்கே உதவாது.

நாய்க்கு அடுத்தபடியாகப் பயணிகளைக் கடிப்பது குரங்கு. பாலியில் உலுவாத்து கோவிலில் குரங்குகள் மூக்குக் கண்ணாடியையும் செல்போனையும் பறித்துக்கொண்டு, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். தாய்லாந்தின் லோப்புரி, காத்மண்டுவின் சுயம்புநாதர் எல்லாம் குரங்குகளுக்குப் பேர்போன இடங்கள். தமிழர்கள் அதிகம் போகும் பத்துமலையில், 272 படிகளிலும் அர்ச்சனைத் தட்டில் இருக்கும் தேங்காய், பழத்தின் மேல் கண் வைத்து அவை காத்திருக்கின்றன. பயணிகள் கடிபடுவது பெரும்பாலும் உணவு கொடுக்கும்போதும், தோளில் ஏற்றிப் படம் எடுக்கும்போதும்தான். குரங்குகளிடம் ரேபீஸ் குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது. ஆசியக் குரங்குகளின் எச்சிலில் ரேபீஸ் அல்லாத ஹெர்பீஸ் பி என்ற இன்னொரு கிருமியும் இருக்கலாம். அதற்கு வேறு மருந்து. எனவே கடித்தது குரங்கு என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோருக்கு வேறொரு எச்சரிக்கை. அங்கே நாய்வழி ரேபீஸ் ஒழிந்துவிட்டது. அங்குள்ள ஆபத்து வௌவால். அமெரிக்க மண்ணில் ரேபீஸ் தொற்றி இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நோய் வந்தது வௌவாலிடமிருந்து. அதன் பல் அவ்வளவு சிறியது. தூக்கத்தில் கடித்தால் தெரியாது, தடமும் இருக்காது. காலையில் எழும்போது படுக்கையறையில் வௌவால் இருந்தால், கடிபட்டோமா என்று தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி. முடிந்தால் வௌவாலை வெறுங்கையால் தொடாமல் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுப்பார்கள். குப்பைத்தொட்டியைக் கிளற வரும் ரக்கூன், நரி, ஸ்கங்க் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. அங்கே தடுப்பூசியும் சீரமும் சேர்ந்து சராசரியாக 3,800 டாலர் ஆகும், ஆஸ்பத்திரிச் செலவு தனி. பயணக் காப்பீடு எடுக்கும்போது விலங்குக்கடிக்கான சிகிச்சை அதில் சேருமா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நாய்களால் பயமில்லை. ஆனால் ரேபீஸின் நெருங்கிய உறவுக் கிருமி ஒன்று அங்குள்ள வௌவால்களிடம் இருக்கிறது. 1996-இலிருந்து நான்கு பேர் அதற்குப் பலியாகியிருக்கிறார்கள், கடைசியாக 2025-இல்.

எதிர்த் திசைப் பயணமும் இருக்கிறது. தமிழர்களைப் பொறுத்தவரை அதுதான் பெரியது. லண்டனிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் வளரும் குழந்தைகள் கோடை விடுமுறைக்குத் தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருகிறார்கள். அவர்கள் ஊரில் நாய் என்றால் கழுத்துப்பட்டையோடு, ஊசி போட்டு, வீட்டுக்குள் தூங்குவது. தெருவில் படுத்திருக்கும் நாயையும் அதே நம்பிக்கையோடு தடவப் போவார்கள். சாப்பிடும் நாயைத் தொடக் கூடாது, குட்டி ஈன்ற நாயிடம் நெருங்கக் கூடாது, துரத்தினால் ஓடக் கூடாது என்று இங்குள்ள பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகின; 43 பேர் ரேபீஸில் இறந்தார்கள். இலங்கை இந்த நோயை வெகுவாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. 1973-இல் அங்கே 377 பேர் இறந்தார்கள். இப்போது சில பத்துகளுக்குள் வந்துவிட்டது. இருந்தும் முழுவதும் ஒழியவில்லை.

சொந்த ஊருக்குத்தானே போகிறோம், இதற்கென்ன ஊசி என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. சுற்றுலா போகிறவர்களைவிடச் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகிறவர்கள்தான் கிளம்பும் முன் மருத்துவ ஆலோசனையைக் குறைவாகக் கேட்கிறார்கள் என்று மேலைநாட்டுப் பயண மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தாத்தா பாட்டி வீட்டில் ஒரு மாதம் தங்கப்போகும் ஆறு வயதுக் குழந்தைக்கு, ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாள் தங்கும் பயணியைவிட ஆபத்து அதிகம். குழந்தைகள் கடிபட்டதைச் சொல்லாமல் மறைப்பதும் உண்டு, அம்மா திட்டுவாள் என்ற பயத்தில். நாய் நக்கினாலும் கீறினாலும் சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள் என்று விமானம் ஏறும் முன்பே அவர்களிடம் பேசிவைப்பது ஊசியைப் போலவே முக்கியம்.

கடிபட்டுவிட்டால் முதல் மருந்து பெட்டிக்கடையில் கிடைக்கும் சோப்பு. ரேபீஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துக் கிருமியைக் குலைத்துவிடும். அதனால் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவினால்தான் கணக்கு சரியாக வரும். பிறகு பெட்டாடைன் போன்ற மருந்தைத் தடவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை காயத்தை எரித்துக் கிருமி உள்ளே போகத்தான் வழிசெய்யும். இறுக்கிக் கட்டுப்போடவும் கூடாது. பெரிய காயமாக இருந்தாலும் தையலை அவசரப்பட்டுப் போடாமல், முதலில் சீரம் செலுத்த வேண்டும் என்பதை டாக்டர்கள் அறிவார்கள்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனித்து, அது நலமாக இருந்தால் கவலையில்லை என்ற கணக்கு ஊரில் தெரிந்த வீட்டு நாய்க்குப் பொருந்தும். பயணிக்கு அந்த வாய்ப்பே இல்லை. மறுநாள் காலை அவர் வேறு ஊரில் இருப்பார். ஆகவே காத்திருக்காமல் முதல் ஊசியை உடனே போட்டுக்கொள்வதே சரி. எங்கே போவது என்பதைக் கிளம்பும் முன்பே குறித்துவைத்திருந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். பிலிப்பைன்ஸில் விலங்குக்கடிக்கென்றே தனிச் சிகிச்சை மையங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. பாங்காக்கில் சவோபா நிறுவனம் இருக்கிறது. தோலுக்குள் சிறிதளவு மருந்து போட்டே பலன் பெறும் சிக்கன முறையை உலகுக்குத் தந்தது தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அந்த இடம்தான். இந்தியாவின் அரசு மருத்துவமனைகளிலும் இன்று அந்த வழியில் வந்த முறையே நடைமுறையில் உள்ளது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசிக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெரிய தனியார் மருத்துவமனையைத் தேடி நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை.

முதல் ஊசி ஒரு நாட்டில், அடுத்தது இன்னொரு நாட்டில் என்று அமைவது பயணத்தில் சகஜம். பாலியில் கடிபட்ட அன்று ஒன்று, மூன்றாம் நாள் சிங்கப்பூரில், ஏழாம் நாள் சென்னையில், மீதமுள்ளவை ஊரில் என்று தொடரலாம். மருந்தின் பிராண்டு மாறினாலும், தசையில் போட்டது தோலுக்குள் போடுவதாக மாறினாலும், வேறு வழியில்லாதபோது அதை ஏற்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த டாக்டருக்கு விவரம் தெரிய வேண்டும். மருந்தின் பெயர், தேதி, தசையிலா தோலுக்குள்ளா, பேட்ச் எண் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு, செல்போனில் படமும் எடுத்துவைக்க வேண்டும். எழுதிக்கொடுப்பது உள்ளூர் மொழியில் இருந்தால் ஆங்கிலத்திலும் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தச் சீட்டில் சென்னை டாக்டர் முதலில் தேடுவது சீரம் போட்டிருக்கிறதா என்பதைத்தான். பாலியில் அது கிடைக்காமல் போயிருக்கலாம். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் என்றால் இங்கேயே போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடும், சீரத்தால் பயனில்லை. அதனால் சீரம் இல்லாமல் ஊர் திரும்புகிறவர் முதலில் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கக் கூடாது. விமான நிலையத்திலிருந்து நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.